மாப்பிள்ளை வீட்டுச் சோப்பு

அத்தியாயம் 14

வியாழக்கிழமை மதியம். பல் டாக்டரின் மனைவி தலையில் விதாத் சாயம் தடவிக்கொண்டிருந்தபோது வீட்டு முன்னறையில் இருந்த பார்லரின் தெருக்கதவு சுவரில் மோதித் திறந்தது.

விதாத்தின் மாமியார் நஸீஹா ஹம்மாம் என்னும் பொதுக் குளியல் கூடத்திலிருந்து நேராக வந்திருந்தாள். நீராவியில் வெந்த முகம் இன்னும் ஆறவில்லை. ஒரு கையில் குளியல் வாளி, மறு கையில் மகள் எம்னாவின் மணிக்கட்டு. எம்னா தலையில் துண்டைச் சுற்றியிருந்தாள். அழுது முடித்துவிட்டு, அடுத்து எதற்கு அழுவது என்று தெரியாமல் நிற்பவளின் முகம் அவளுக்கு.

நஸீஹா வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையை விரித்து மருமகளின் மூக்குக்கு நேரே நீட்டினாள். தேன் நிறத்தில் ஒரு கொத்து முடி, ஈரமாக, சுருண்டு கிடந்தது.

"பாத்துக்கோ. எல்லாம் உன் மருந்து பண்ண வேலை."

பல் டாக்டரின் மனைவி கண்ணாடியில் கண்களை மட்டும் அகல விரித்தாள். அவள் வாய் சும்மா இருக்காது என்பது இந்தத் தெருவுக்கே தெரியும். விதாத் தூரிகையைக் கிண்ணத்தில் வைத்தாள். சனிக்கிழமை கல்யாணத்துக்கு ஸ்பாக்ஸ் நகரில் பாதிப் பெண்கள் அவளிடம்தான் தலை அலங்காரத்துக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். மணப்பெண்ணே சொந்த நாத்தனார். அவள் தலையே இப்படி ஆனால், மற்றவர்கள் எந்த நம்பிக்கையில் வந்து உட்காருவார்கள்?

இது இன்று தொடங்கியதல்ல. மாப்பிள்ளை வீட்டுக் கூடை வந்து இறங்கிய அன்றே தொடங்கிவிட்டது. மருதாணி, பன்னீர், சீப்பு, வாசக் களிமண், எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய துணியில் சுற்றிய சோப்புக் கட்டிகள். மாப்பிள்ளை மாஹிரின் தாய் கமர், தன் தோட்டத்து ஆலிவ் எண்ணெயைத் தானே காய்ச்சி, தானே வெட்டி, தானே உலர்த்திய சோப்பு. கல்யாணத்துக்கு முந்திய குளியலில் மணப்பெண்ணின் தலையில் முதல் தண்ணீரை ஊற்றுவது மாப்பிள்ளையின் தாய்தான். தேய்ப்பது அவள் அனுப்பிய பொருள்களால்தான். கூடையை நஸீஹா முகர்ந்து பார்த்து, கண் கலங்கி, அக்கம்பக்கத்துக்கெல்லாம் காட்டினாள்.

அதற்குச் சில நாள் முன்புதான் விதாத் எம்னாவின் சுருட்டை முடியை நிமிர்த்தி, நிறம் ஏற்றியிருந்தாள். ஆசைப்பட்டது எம்னா. மாஹிரின் பெரியம்மா மகளுக்கும் அப்படித்தான் இருக்கிறது என்று சொன்னவள் நஸீஹா. வேலை முடிந்ததும் விதாத் ஒரு ஷாம்பு புட்டியை எம்னாவின் கையில் வைத்து, கல்யாணம் முடிகிற வரை இதைத் தவிர வேறு எதுவும் தலையில் படக் கூடாது, சோப்பு கூடவே கூடாது என்று சொன்னாள். ஒருமுறை அல்ல. எம்னா சிரித்துக்கொண்டே, அண்ணி, நான் நாள் முழுக்க டெலிபோன் கம்பெனியில் புகார் கேட்கிறவள், எனக்கு ஒரு தடவை சொன்னால் போதும் என்றாள்.

விதாத் இப்போது துண்டை அவிழ்த்தாள்.

இடுப்பு வரை நீண்டிருந்த முடி ஒரே பந்தாகச் சிக்கிக் கிடந்தது. ஓர் இழையைப் பிரித்து இரண்டு விரல்களுக்கு நடுவே மெல்ல இழுத்தாள். நல்ல முடி கொஞ்சம் நீண்டு, விட்டதும் திரும்பிவிடும். இது நூடுல்ஸ் போல நீண்டது, நீண்டுகொண்டே போனது, அப்படியே நின்றது, பிறகு அறுந்தது.

அலமாரியிலிருந்து, புளிப்பா காரமா என்று நிறத்தில் காட்டும் சோதனைக் காகிதக் கீற்று ஒன்றை எடுத்து ஈர முடியின் மேல் ஒற்றினாள். அது பச்சையைத் தாண்டி நீலத்துக்குப் போயிற்று. கேள்வியே தேவையில்லை. ஆனாலும் கேட்டாள்.

"எதால தேய்ச்சீங்க?"

எம்னா தரையைப் பார்த்தாள். நஸீஹாதான் பதில் சொன்னாள். மணப்பெண்ணை எதால் தேய்ப்பார்களோ அதால்தான் தேய்த்தோம், சம்பந்தி தன் கையால் தேய்த்தாள், பெண்கள் குலவையிட்டார்கள், எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, சீப்பை வைத்து வாரியபோதுதான் இந்த மருந்து தன் குணத்தைக் காட்டிவிட்டது என்றாள்.

விதாத் காகிதக் கீற்றை மாமியாருக்கு முன்னால் பிடித்தாள். அவள் கத்துகிறவள் அல்ல. கத்தினால் அந்த வீட்டில் அது மருமகளின் குணம் என்று ஆகிவிடும். நியாயத்தைச் சொன்னாலே திமிர் என்று ஆகிற வீடு. அதனால் அவள் எப்போதும் செய்வதையே செய்தாள். விளக்கினாள்.

"அத்தை, இந்தக் காகிதத்தைப் பாருங்க. முடிக்கு லேசான புளிப்புதான் பிடிக்கும். மேல மீன் செதிள் மாதிரி அடுக்கடுக்கா இருக்கும். சுருளை நிமித்தணும்னா, நிறம் ஏத்தணும்னா, அந்தச் செதிளைத் திறந்தாகணும். வேலை முடிஞ்சதும் புளிப்பா ஒண்ணைப் போட்டு மூடிடுவேன். நான் குடுத்த ஷாம்பு அதே அளவுக்குப் புளிப்பு. அதுல அலசினா மூடினது மூடினபடி இருக்கும். சோப்பு புளிப்புக்கு நேர் எதிர், காரம்; காகிதம் நீலமானது அதனாலதான். ஆயிரம் ஆலிவ் மரத்து எண்ணெயில காய்ச்சினாலும் காரம்தான். அது மறுபடி திறந்துவிட்டுடுச்சு. திறந்த செதிள்மேல களிமண்ணைத் தேய்ச்சு, ஈரத்தோட சீப்பு போட்டு இழுத்திருக்கீங்க."

"நாங்க எல்லாரும் சோப்புலதான் குளிச்சு வளந்தோம். யார் முடியும் கையோட வரல."

"உங்க முடியை யாரும் திறக்கல, அத்தை."

"அப்ப திறந்தவ யாரு?"

மாமியாரின் பேச்சில் இதுதான் விதாத்தை எப்போதும் சோர்வடையச் செய்வது. பத்து தவறான வார்த்தைகளுக்கு நடுவே ஒரு சரியான வார்த்தை வந்து விழும். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு தன் மனமே எதிர்க்கட்சிக்குப் போய்விடும். ஆமாம், திறந்தவள் நான்தான். மணப்பெண் குளியல் வரும் என்று தெரிந்தும், ஆசைப்படுகிறாளே என்று திறந்தேன்.

பல் டாக்டரின் மனைவி மெல்ல இருமினாள். தன் தலையில் உள்ளதும் அதே மருந்துதானா என்று தெரிந்துகொள்ள விரும்பினாள். விதாத் அவள் சாயத்தை அலசி, உலர்த்தி, வாசல் வரை அனுப்பிவைத்தாள். அவள் தெருமுனை திரும்புவதற்குள் போனைக் காதில் வைத்திருந்தாள்.

திரும்பி வந்தபோது பார்லருக்குள் எலுமிச்சை வாசனை அடித்தது.

முடிக்குப் புளிப்புதான் பிடிக்கும் என்ற ஒரு வார்த்தை மட்டும் நஸீஹாவின் காதில் நின்றிருந்தது. சமையலறைக்குப் போய், சனிக்கிழமை மீனுக்கென்று வாங்கி வைத்திருந்த எலுமிச்சம்பழங்களை ஒரு குவளை நிறையப் பிழிந்து எடுத்து வந்திருந்தாள். விதாத் வேண்டாம் என்று வாயைத் திறப்பதற்குள் குவளை எம்னாவின் உச்சந்தலையில் கவிழ்ந்துவிட்டது. ஹம்மாமில் முரட்டுக் கையுறையால் தேய்த்துச் சிவந்திருந்த தலை. எம்னா நாற்காலியிலிருந்து எழுந்து நின்று அலறினாள்.

"நீதானே புளிப்புன்னு சொன்ன?" என்றாள் நஸீஹா, உண்மையாகவே புரியாமல்.

"லேசான புளிப்புன்னு சொன்னேன். தயிர் அளவுக்குக் கூட வேண்டாம். நீங்க ஊத்தினது பாத்திரத்துக் கறையை எடுக்கிற புளிப்பு. அத்தை, கெஞ்சிக் கேக்கறேன், கொஞ்ச நேரம் உள்ள போயி உக்காருங்க."

நஸீஹா போனாள். போகும்போது, தன் மகளுக்குத் தான் செய்வதெல்லாம் குற்றம், மருந்து ஊற்றியவள் மட்டும் டாக்டர் என்று சுவர்களிடம் சொல்லிக்கொண்டே போனாள்.

விதாத் வெதுவெதுப்பான தண்ணீரில் அந்தத் தலையை அலசினாள். எலுமிச்சை போகிற வரை அலசினாள். பிறகு, போன வாரம் கொடுத்ததைப் போலவே இன்னொரு புட்டியைத் திறந்து, கொஞ்சமாக எடுத்து, தேய்க்காமல் அழுத்தி அழுத்தி விட்டாள். அலசிவிட்டு அடர்த்தியான க்ரீமைப் பூசினாள். புதிய கீற்று ஒன்றை ஒற்றிப் பார்த்தபோது அது இளமஞ்சளில் நின்றது. மேற்கொண்டு சேதம் ஆகாது. ஆனது ஆனதுதான். செத்த முடியை எந்தப் புட்டியும் எழுப்பாது. தோளுக்குக் கீழே இருப்பது எதுவும் மிஞ்சாது என்று அவள் விரல்களுக்கே தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துக் கணவன் ஹாதெம் துறைமுகத்திலிருந்து போன் செய்தான். அம்மா அவனிடம் பேசிவிட்டாள். அவன் நிதானமாக இருந்தான். பிரச்சினை நடக்கும் வீட்டில் இல்லாதவர்களுக்கு வருகிற நிதானம் அது. நீ பெரியவள், நீதான் விட்டுக்கொடுக்க வேண்டும், ஒரு வார்த்தை தப்பு என் மேல்தான் என்று சொல்லிவிட்டால் கல்யாணம் நல்லபடியாக முடியும், முடிதானே, வளரும் என்றான். பிறகு மீன்காரனிடம் பெரிய மீனாக ஒன்றைச் சொல்லி வைத்துவிட்டதாகவும் சொன்னான். இந்த ஊர் வழக்கப்படி கல்யாணத்தில் மணமக்கள் தாண்டுகிற மீன் சின்னதாக இருந்தால் ஊர் சிரிக்கும்.

விதாத் சரி என்று சொல்லிப் போனை வைத்தாள். வைத்த பிறகு எதற்குச் சரி என்று சொன்னோம் என்று யோசித்தாள். மீனுக்கா, தப்புக்கா?

அதற்குள் இரண்டு பேர் சனிக்கிழமைக்கு வரவில்லை என்று செய்தி அனுப்பியிருந்தார்கள். இரண்டு பேருமே பல் டாக்டரின் மனைவிக்கு உறவு. ஒருத்திக்குத் தலைவலியாம். கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கும்போதே சனிக்கிழமைத் தலைவலி வந்துவிட்டது.

க்ரீம் ஊறட்டும் என்று இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மேசைமேல் இருந்த புட்டியையே எம்னா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் குடுத்தது எங்க?" என்று விதாத் கேட்டாள்.

கேள்வியில் கோபம் இல்லை. அதனாலோ என்னவோ எம்னா சொல்லத் தொடங்கினாள். நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். புட்டியை மறக்கவில்லை. வாளிக்குள் அவளே வைத்தாள். ஹம்மாமின் வெளி அறையில் துணி மாற்றும்போது அம்மா அதைப் பார்த்தாள். கமரின் அக்காவும் தங்கையும் பக்கத்தில் நின்றிருந்தார்கள். அம்மா எதுவும் பேசாமல் புட்டியை எடுத்துத் தன் துணிமூட்டைக்குள் செருகி, அதன்மேல் செருப்பை வைத்தாள். சம்பந்தி சோப்பு கொண்டுவந்திருக்கும்போது நீ கடைப் புட்டியை எடுத்தால் அவள் முகத்தில் அறைந்த மாதிரி, இன்றைக்கு ஒரு நாள்தானே என்று காதோரமாகச் சொன்னாள்.

"அம்மாவுக்கும் தெரியுமா?"

"நீங்க சொல்லும்போது அம்மாவும்தானே பக்கத்துல நின்னுட்டு இருந்தாங்க, அண்ணி."

"சரி. அம்மா ஒளிச்சு வச்சாங்க. உனக்கு வாய் இல்லையா?"

எம்னா புட்டியைத் திருப்பி வைத்தாள். பிறகு ஹம்மாமில் கமர் நடந்துகொண்டதைச் சொன்னாள். முட்டி வலியோடு அந்த ஈரக் கல்லில் தனக்குப் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாளாம். பிஸ்மில்லாஹ் சொல்லித் தண்ணீர் ஊற்றினாளாம். எல்லாரும் குலவையிட்டபோது குனிந்து காதில், எனக்குக் கடைசியாக ஒரு மகள் வந்தாள் என்றாளாம். அந்த இடத்தில் எப்படிச் சொல்வது, இது வேண்டாம், என் முடி போய்விடும் என்று? சோப்பு நுரைத்தபோதே முடி உப்புவது தெரிந்ததாம். கண்ணை மூடிக்கொண்டாளாம்.

விதாத் எழுந்து போய்க் கண்ணாடி மேசையைத் துடைத்தாள். துடைக்க அங்கே எதுவும் இல்லை.

அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. மதியத்திலிருந்து அவள் கோபப்பட்டது முடிக்காக என்று நினைத்திருந்தாள். முடி அல்ல. நஸீஹா அந்தக் கொத்தை நீட்டி, எல்லாம் உன் மருந்து என்றபோது இந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாளே, அதுதான். தெரிந்திருந்தும் நின்றாள். பழி அண்ணியின் தலையில் போய் உட்கார்ந்தால் அம்மாவும் தப்பிப்பாள், கமரும் தப்பிப்பாள், தானும் தப்பிப்போம். வீட்டில் எல்லாருக்கும் வசதியான இடம் ஒன்று உண்டு. இங்கே அந்த இடத்தின் பெயர் விதாத்.

அந்த இடத்தைத் தானேதான் விரித்துப் போட்டு வைத்திருக்கிறோம் என்ற எண்ணமும் உடனே வந்தது. இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் நஸீஹா ஒரு தட்டு வைத்தாள். அதில் சீரகம் தூக்கலாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று விதாத் சொன்னாள். இன்றுவரை அதே சீரகம். நன்றாக இருக்கிறது என்று சொல்லக் கற்றுக்கொண்ட வீட்டில்தான் எம்னாவும் வளர்ந்தாள்.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த சிறிது நேரத்தில் கமர் வந்தாள்.

பெரிய உடம்பு. முட்டி வலியால் ஒவ்வொரு படிக்கும் ஒருமுறை நின்று மூச்சு வாங்குகிறவள். செய்தி அவள் தெருவுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. நேராகப் பார்லருக்குள் வந்து எம்னாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து முத்தமிட்டாள். கைப்பையிலிருந்து துணியில் சுற்றிய ஒரு கட்டியை எடுத்து மேசையில் வைத்தாள்.

நஸீஹா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். சம்பந்திக்கு நாற்காலி, சம்பந்திக்குத் தண்ணீர், சம்பந்திக்கு பாதாம் பலகாரம். நடுவில் மூச்சு விடாமல், இந்தக் காலத்து மருந்துகளை நம்பக் கூடாது என்று நான் தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன், என் மருமகள் கெட்டவள் இல்லை, தொழில் தெரிந்தவள்தான், ஆனால் எல்லாம் தெரியும் என்று நினைக்கிறவள் என்று ஒப்புவித்தாள். மருமகள் இரண்டடி தூரத்தில் நின்றிருந்தாள்.

கமர் விதாத்தைத் திட்டவில்லை. கனிவாகப் பேசினாள். அது இன்னும் மோசம்.

"நீ மனசு கஷ்டப்படாதம்மா. தப்பு யாருக்கும் வரும். இப்ப நான் இன்னொரு கட்டி கொண்டாந்திருக்கேன். போன மாசம் காய்ச்சினது, புதுசு. எம்னாவை உக்கார வை. இன்னொரு தடவை என் கையாலயே நல்லா தேய்ச்சு அலசி விட்டுடறேன். உள்ள ஊறின மருந்தெல்லாம் வந்துடும்."

போன மாதம் காய்ச்சியது. காரம் இன்னும் அடங்கியிருக்காது. விதாத்தின் மேலங்கிப் பையில் கீற்றுப் புட்டி இருந்தது. அந்தக் கட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒற்றினால் போதும், காகிதம் கருநீலமாகிவிடும். பக்கத்தில் தன் ஷாம்புவையும் ஒற்றி வைக்கலாம். இரண்டு நிறத்தைப் பார்த்தால் குழந்தைக்கும் புரியும். அவள் பெயர் மிஞ்சும். சனிக்கிழமைத் தலைவலிகள் குணமாகும்.

கை பைக்குள் போயிற்று. போன கை அங்கேயே நின்றது. காகிதம் சோப்பைப் பற்றித்தான் சொல்லும். வாயை மூடிக்கொண்டிருந்தவர்களைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

கமர் முழங்கை வரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு குழாயடிக்கு நகர்ந்தாள். எம்னா எழுந்தாள். உண்மையாகவே எழுந்தாள். மெல்ல நடந்து, கழுவு தொட்டியின் முன் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தைப் பின்னால் சாய்த்தாள். மிச்சமிருப்பதையும் கொடுத்துவிடத் தயாராகிவிட்டாள். கமர் குழாயைத் திறந்தாள்.

விதாத் போய்க் குழாயை மூடினாள்.

"விதாத்," என்றாள் நஸீஹா, எச்சரிக்கும் குரலில்.

"நான் எதுவும் சொல்லப் போறதில்ல, அத்தை. மத்தியானத்துல இருந்து சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது." அவள் எம்னாவைப் பார்த்தாள். "இது உன் தலை. தேய்க்கச் சொன்னா தேய்க்கட்டும். வேண்டாம்னா வேண்டாம்னு நீ சொல்லு. என்னைப் பாக்காத. அவங்களைப் பாத்துச் சொல்லு."

கழுத்து சாய்ந்தபடியே எம்னா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டியில் ஒரு சொட்டு விழுந்தது. நஸீஹா பலகாரத் தட்டை எடுத்துச் சம்பந்தியிடம் நீட்டினாள், இப்போது யாராவது ஏதாவது தின்றால் எல்லாம் சரியாகிவிடும் என்பதுபோல.

எம்னா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வேண்டாம், அத்தை. சோப்புலதான் முடி போச்சு. மருந்துல இல்ல. சோப்பு போடக் கூடாதுன்னு அண்ணி சொல்லியிருந்தாங்க. தனியா ஷாம்பு குடுத்திருந்தாங்க. எனக்குத் தெரியும். அங்க உக்காந்திருக்கும்போதே தெரியும்."

ஒருமுறை சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. சொல்லத் தைரியம் வரவில்லை, சோப்பின்மேல் தப்பில்லை, நிமிர்த்தாத தலைக்கு அது நல்ல சோப்புதான், வீட்டுக்கு வந்து அண்ணிமேல் பழி விழுந்தபோதும் சும்மா இருந்துவிட்டேன் என்றாள். எல்லாவற்றையும் தன்மேலேயே போட்டுக்கொண்டாள். துணிமூட்டைக்குள் போன புட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நஸீஹா பலகாரத் தட்டை மேசையில் வைத்துவிட்டாள்.

கமர் சுருட்டிய சட்டைக் கையை ஒவ்வொரு மடிப்பாக இறக்கிவிட்டாள்.

"தெரிஞ்சே என் கையால ஊத்த வச்சியா?"

எம்னா ஆமாம் என்று தலையசைத்தாள்.

"அங்கயே சொல்லியிருந்தா, எல்லார் முன்னாடியும் எனக்குக் கொஞ்சம் முகம் சுருங்கியிருக்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்குள்ள மறந்திருப்பேன். இப்ப என் மருமக முடியை நானே பிச்சு எடுத்திருக்கேன். பிச்சுக்கிட்டு இருக்கும்போது மகளேன்னு வேற கூப்பிட்டிருக்கேன்." அவள் மூச்சு வாங்கினாள். "நாளைக்கு என் வீட்டுக்கு வந்து, நான் சமைச்சுப் போட்டதைத் தின்னுட்டு, நல்லாருக்குன்னு சொல்லுவே. நான் அதை எப்படி நம்பறது?"

அந்தக் கேள்வி எம்னாவுக்குப் போனதா, தனக்கு வந்ததா என்று விதாத்துக்குத் தெரியவில்லை. நஸீஹா மருமகளைப் பார்த்தாள். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அவளும் ஏதோ ஒரு தட்டை நினைத்திருக்க வேண்டும்.

கமர் சோப்புக் கட்டியைத் துணியில் சுற்றிக் கைப்பைக்குள் போட்டாள். முத்தமில்லாமல், சலாம் மட்டும் சொல்லிவிட்டு, படியில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கிவிட்டுப் போனாள்.

அவள் போன திசையைப் பார்த்தபடி நஸீஹா, கொடுத்த பொருளைத் திரும்ப எடுத்துப் போனால் சம்பந்தம் முறிந்ததாக அர்த்தம் என்றாள். சோப்பை மட்டும்தானே எடுத்துப் போனாள், கூடை இங்கேதானே இருக்கிறது என்றாள் விதாத். கூடையையும் எடுக்க ஆள் அனுப்புவாள் என்றாள் நஸீஹா. இருவரும் ஒரே பக்கம் நின்று ஒரே கவலையைப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது விதாத்துக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. அது நீடிக்கவும் இல்லை.

"இப்ப உனக்குத் திருப்தியா?" என்றாள் நஸீஹா. "உன் பேரு பொழச்சுது. என் பொண்ணு கல்யாணம் தெருவுல நிக்குது."

விதாத்துக்குத் திருப்தி இல்லை. மதியத்திலிருந்து இந்த ஒரு உண்மைக்காகக் காத்திருந்தாள். அது வந்து சேர்ந்தபோது நாக்கில் எந்தச் சுவையும் இல்லை. எம்னாவைப் பேசச் சொன்னது எம்னாவுக்காகவா, சனிக்கிழமைக்காகவா? மனதைத் தோண்டிப் பார்த்தாள். இரண்டும் சிக்கிக் கிடந்தன. பிரிக்க இழுத்தால் அறுந்துவிடும் போலிருந்தது.

"அண்ணி, வெட்டிடுங்க," என்றாள் எம்னா.

"எவ்வளவுன்னு தெரியுமா?"

"செத்தது பூரா."

விதாத் தோள்மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தினாள். கத்தரிக்கோலை எடுத்தாள். முதல் வெட்டு தோளுக்குச் சற்று மேலே விழுந்தது. நஸீஹா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இடுப்பு வரை வளர்த்த முடி. சின்ன வயதில் தினமும் அவள்தான் எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டாள்.

பாதித் தலை முடிந்திருந்தபோது மேசையில் எம்னாவின் போன் அதிர்ந்தது. மாஹிர்.

எம்னா எடுத்தாள். மூன்று பேருக்கும் கேட்கிற அளவுக்கு அவன் குரல் உரக்க வந்தது. அம்மா இப்போதுதான் வீட்டுக்கு வந்தாள், நேராகப் பின்கட்டுக்குப் போய் உலர வைத்திருந்த சோப்பு எல்லாவற்றையும் கூடையில் அள்ளிக் குப்பையில் கொட்டிவிட்டாள், யாரோடும் பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், கேட்டால் எம்னாவைக் கேள் என்கிறாள் என்றான்.

"என்ன நடந்துச்சு, எம்னா?"

நஸீஹா சுவரிலிருந்து திரும்பினாள். சின்னத் தலையசைப்பு ஒன்று மகளை நோக்கிப் போனது. ஒன்றும் இல்லை என்று சொல், பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த அசைவை விதாத் இத்தனை வருடங்களில் ஆயிரம் முறை பார்த்திருந்தாள். ஆயிரம் முறையும் கீழ்ப்படிந்திருந்தாள்.

எம்னா கண்ணாடியில் தன் பாதித் தலையைப் பார்த்தாள். ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை.

"முழுசா சொல்றேன். நடுவுல பேசாம கேளு," என்றாள். "உங்க அம்மாகிட்ட சொன்னதுல ஒண்ணை விட்டுட்டேன். நான் ஷாம்பு கொண்டு போகாம இல்ல. வாளியில வச்சிருந்தேன்."

கத்தரிக்கோல் நின்றது. அடுத்த வாக்கியம் யாரைப் பற்றியது என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

நஸீஹா தெருக்கதவை நோக்கி நடந்தாள். போய்விடப் போகிறாள் என்றே விதாத் நினைத்தாள். நஸீஹா கதவைச் சாத்தினாள், தாழ்ப்பாளைப் போட்டாள், போட்டுவிட்டு, மகள் சொல்வதைக் கேட்க உள்ளேயே நின்றாள்.